யூரியா பில்லை வாட்ஸ்அப் குரூப்ல போட்டதுக்கு 10 லட்சம் கேட்டு வக்கீல் நோட்டீஸ், என்ன பண்றது?

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். ஊரு திருவாரூர் மாவட்டம் வலங்கைமான் பக்கம். குறுவைக்கு மேலுரம் போட அப்பா யூரியா வாங்க போனாரு. 45 கிலோ மூட்டை 266 ரூபா 50 காசுதான் கவர்மென்ட் விலை. கடைக்காரர் அதுக்கு மேல வாங்குனதும் இல்லாம நுண்ணூட்ட பாக்கெட்டும் ஒரு பாட்டில் மருந்தும் சேத்து எடுத்தாதான் மூட்டைன்னு சொல்லிட்டாரு. ரேகை வச்சப்ப மிஷின்ல வந்த பில்லுல ஒரு தொகை, ஜிபேல போனது வேற தொகை. பயிர் மஞ்சளடிச்சு நிக்குது, வாங்காம வர முடியுமா. நான் பில்லையும் ஸ்கிரீன்ஷாட்டையும் எங்க விவசாயிங்க குரூப்ல போட்டு "இந்த கடையில இப்படி நடக்குது, பாத்து வாங்குங்க"ன்னு எழுதுனேன், அவ்வளவுதான். இப்ப தபால்ல வக்கீல் நோட்டீஸ். எங்க கட்சிக்காரர் பேரு கெட்டுப்போச்சு, 15 நாள்ல மன்னிப்பு கேட்டு 10 லட்சம் கொடு, இல்லன்னா சிவில் கிரிமினல் ரெண்டும் போடுவோம்னு. அப்பா அன்னிலேர்ந்து சரியா சாப்பிடல, போய் மன்னிப்பு கேட்டுட்டு வந்துடுங்கறாரு. சொசைட்டி கடனே பாக்கி நிக்குது, வக்கீலுக்கு எங்க போக. நான் எழுதுனதுல ஒரு வரி பொய் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கும்பகோணம் வக்கீல்:
தம்பி, மொதல்ல அப்பாவ நிம்மதியா சாப்பிட சொல்லுங்க. நோட்டீஸ் வேற, கேஸ் வேற. நோட்டீஸ்ல 10 லட்சம்னு எழுத தபால் செலவு போதும், அதையே கோர்ட்ல கேக்கணும்னா 3 சதவீதம் கோர்ட் ஃபீஸ், அதாவது 30,000 கட்டணும் (2017க்கு முன்னாடி 7.5 சதவீதமா இருந்துச்சு). மானநஷ்ட சிவில் வழக்குக்கு கெடு ஒரே வருஷம். பலபேரு நோட்டீஸோட நிறுத்திக்கறதுக்கு இதான் காரணம், பயந்து காசோ மன்னிப்போ வந்தா லாபம்னு பாப்பாங்க.

கிரிமினல்னா பழைய ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 499, 500, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 356. ரெண்டு வருஷம் வரைக்கும் சிறை, அபராதம், புதுசா சமூக சேவையும் சேத்திருக்காங்க. இதுக்கு போலீஸ் வீட்டுக்கு வராது, அவரேதான் மாஜிஸ்திரேட்கிட்ட தனிப்புகார் கொடுக்கணும், பிஎன்எஸ்எஸ் (புது குற்ற நடைமுறைச் சட்டம்) 223 படி கோர்ட் அந்த புகார எடுத்துக்கறதுக்கு முன்னாடியே உங்க தரப்பையும் கேட்டாகணும், 2024 ஜூலைக்கு முன்னாடி இது கிடையாது. உண்மைய பொதுநன்மைக்காக சொன்னா அவதூறு இல்லைங்கறது அந்த பிரிவோட முதல் விதிவிலக்கு. தன்னோட நலனையோ மத்தவங்க நலனையோ காப்பாத்த நல்லெண்ணத்தோட சொன்னதுக்கு ஒன்பதாவது விதிவிலக்கு இருக்கு, உங்களுக்கு அது அப்படியே பொருந்தும்.

மன்னிப்பு கடிதம் மட்டும் எழுதிக் கொடுத்துடாதீங்க, நாளைக்கு அதையே ஆதாரமா நீட்டுவாங்க. பில்லு, ஜிபே ரசீதோட வேளாண் உதவி இயக்குநர்கிட்ட எழுத்துல ஒரு புகார் கொடுத்து ஒப்புகை வாங்கிடுங்க, நிர்ணயிச்ச விலைக்கு மேல விக்கறது 1985 உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படியே குத்தம். கலெக்டர் ஆபீஸ் விவசாயிகள் குறைதீர் கூட்டத்துலயும் மனு கொடுங்க. அதிகாரம் உள்ளவங்ககிட்ட நல்லெண்ணத்தோட கொடுக்கற புகாருக்கு எட்டாவது விதிவிலக்கு பாதுகாப்பு இருக்கு.

வக்கீல் செலவுக்கு கவலைப்படாதீங்க. திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு போங்க, இல்ல 15100க்கு போன் போடுங்க. தமிழ்நாட்டுல வருஷ வருமானம் 3 லட்சத்துக்குள்ள இருந்தா இலவச வக்கீல். பெண்களுக்கும் எஸ்சி எஸ்டி மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. வழக்கு போடறவங்களுக்கு மட்டும்தான்னு நினைக்கறாங்க, வழக்கு வந்தவங்களுக்கும் உண்டு.

கடைமடை நாகை:
வக்கீல் சார் சொன்னது எல்லாம் சரி, ஆனா கடைசில விடுதலை ஆகறவன் கூட அதுக்குள்ள அழிஞ்சிடறானே. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் செலவு, அன்னைக்கு கூலி போச்சு, நடவு நேரமா அறுப்பு நேரமான்னு கோர்ட் பாக்காது. கேஸையே ரத்து பண்ண சொல்லி ஹைகோர்ட் போகணும்னா கும்பகோணத்துக்காரங்க மதுரை கிளைக்கு போகணும், பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கற வலங்கைமான்காரங்க மாவட்டம் வேறங்கறதால சென்னைக்கு போகணும். 2016ல சுப்பிரமணியன் சுவாமி வழக்குல சுப்ரீம் கோர்ட் கிரிமினல் அவதூறு செல்லும்னு சொல்லிடுச்சு, அதுக்கப்புறம் புது சட்டம் எழுதறப்பவாவது எடுத்திருக்கலாம், ஜெயில் தண்டனைய அப்படியே வச்சுட்டு நம்பர மாத்திட்டாங்க. பேரு கெட்டுச்சுன்னா சிவில் கோர்ட்ல நஷ்டஈடு கேளு, ஜெயில் எதுக்கு? அவமதிப்பு, திட்டு சம்பந்தமான எல்லா பிரிவையும் தூக்கணும்ங்கறது என் கருத்து.

நடவுக்காரி மக:
அண்ணே, எல்லாத்தையும் தூக்கணும்னு சொல்லாதீங்க. கூலி கேட்டு நின்ன எங்க அம்மாவ வரப்புல வச்சு அத்தன பேரு முன்னாடி சாதி பேர சொல்லி திட்டுனாங்க. ஸ்டேஷன்ல சும்மா வாய்த்தகராறுன்னு, எஃப்ஐஆர் போடாம, புகார் வந்ததுக்கான சிஎஸ்ஆர் ரசீதோட அனுப்பி வச்சுட்டாங்க. வெறும் அவமதிப்புன்னு பிஎன்எஸ் 352ல போட்டா மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாம போலீஸ் விசாரிக்கவே முடியாது, ஆனா எஸ்சி எஸ்டி மக்கள பொது இடத்துல அவமதிக்கறது, சாதி பேர சொல்லி திட்டறது பத்தின வன்கொடுமை தடுப்புச் சட்டம் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) அப்படி இல்ல, ஆறு மாசத்துலேர்ந்து அஞ்சு வருஷம் வரைக்கும் தண்டனை, டிஎஸ்பிதான் விசாரிக்கணும். சட்ட உதவி வக்கீல் வந்து எஸ்பிக்கு மனு எழுதுன பிறகுதான் எங்களுக்கு எஃப்ஐஆரே வந்துச்சு. கடைக்காரர் பேரு கெடறதும், ஊரே பாக்க ஒரு பொம்பளைய சாதி சொல்லி கேவலப்படுத்தறதும் ஒண்ணா? 356ல ஜெயில எடுக்கணும்னா நானும் கூட நிக்கறேன், இத மட்டும் தொடாதீங்க.

கடைமடை நாகை:
நீங்க சொல்றது நியாயம்மா. நான் நினைச்சது 356, 352 ரெண்டையும்தான். வன்கொடுமை சட்டத்த சொல்லல.

குடமுருட்டிக்கரை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. திங்கக்கிழமை திருவாரூர் போறேன். குரூப் அட்மின் அந்த மெசேஜ அழிச்சிடுன்னு விடாம சொல்றாரு, அழிக்கலாமா?

கும்பகோணம் வக்கீல்:
அழிக்காதீங்க. என்ன எழுதுனீங்கன்னு காட்ட அதுதான் உங்க ஆதாரம். போனையும் மாத்தாதீங்க, நோட்டீஸ் வந்த கவரையும் பத்திரமா வைங்க, தபால் முத்திரை தேதியிலேர்ந்துதான் 15 நாள்னு சண்டைக்கு வருவாங்க. பதில் நோட்டீஸ் ஸ்பீட் போஸ்ட்ல, போய் சேந்ததுக்கு ஆதாரம் கிடைக்கற மாதிரி போகட்டும். குரூப்ல இனிமே அந்த கடை பத்தி ஒரு வார்த்தை எழுத வேண்டாம், சொல்ல வேண்டியத அதிகாரிக்கு கொடுக்கற மனுவுல சொல்லுங்க.