பிரான்ஸ் ஆர்டரும் லேபிள் அச்சகமும்: எங்கள் அனுபவங்கள்

ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் கம்பெனிகளுக்குப் பிரான்சிலிருந்து ஆர்டர் வந்தால், பெட்டிக்கும் லேபிளுக்கும் தனியாக ஒரு கட்டு விவரத்தாள் வந்து சேரும். வேலூரில் அதைப் படித்து அச்சகத்தாருக்கு விளக்குவது என் பிழைப்பு.

அண்மையில் வந்த ஒரு தாளை ஏற்கெனவே ஏதோ ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனம் ஆங்கிலமாக்கியிருந்தது. 'மாந்த்ரேன் 76 மி.மீ.' என்ற இடத்தில் கடைசல் இயந்திரத்தில் பொருளைப் பிடிக்கும் 'சக்' என்று போட்டிருந்தார்கள். அகராதியில் அந்தப் பொருளும் உண்டு. லேபிள் அச்சகத்தில் கடைசலுக்கு என்ன வேலை என்று யோசிக்க வேண்டாமா? மெஷின் ஓட்டும் அண்ணன் தாளை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அளவைச் சொன்னதுமே, "மூன்று இஞ்ச் கோர் கேட்கிறார்கள், சார்" என்றார். லேபிள் ரோலின் நடுவே இருக்கும் அட்டைக் குழாய்தான் அது. மேசைமேல் வைக்கும் சிறு பிரிண்டர்கள் பலவற்றில் அந்த ரோல் ஏறாது என்பதால், எந்தப் பிரிண்டர் என்றும் கேட்டு எழுதச் சொன்னார்.

அடுத்தது 'எஷ்னியாஜ்'. மரத்திலிருந்து கம்பளிப்பூச்சிகளை அகற்றும் வேலைக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். லேபிள் தொழிலில் வேஸ்ட் உரிப்பதற்கும் அதுவே. லேபிள் வடிவக் கத்தியான டை வெட்டியபின் லேபிள்களைச் சுற்றி மிஞ்சும் ஸ்டிக்கர் தாள் வலைபோல உரிந்து இன்னொரு ரோலில் சுற்றிக்கொள்ளும். வெட்டு ஆழம் போதாவிட்டால் மூலையில் லேபிளும் சேர்ந்து கிளம்பிவிடும். ஆழம் கூடினால், லேபிள் ஒட்டியிருக்கும் அடித்தாளில் கீறல் விழும். அந்த ரோல் பிறகு லேபிள் ஒட்டும் இயந்திரத்தில் பட்டென்று அறுந்து நிற்கும். அண்ணன் அடித்தாளை வெளிச்சத்தில் பிடித்து, பின்புறத்தை விரல் நகத்தால் தடவிப் பார்த்தபிறகுதான் ஓட்டத் தொடங்கினார்.

*

ஆம்பூரிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கு வந்தது காலணி லேபிள். 'தீஜ்' என்பதைக் கணினி 'தண்டு' என்று மொழிபெயர்த்துவிட்டது. செருப்பில் ஏது தண்டு? அது அப்பர், காலணியின் மேற்பகுதி. அப்பர் என்றால் இந்த ஊரில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1994ஆம் ஆண்டின் ஐரோப்பிய உத்தரவுப்படி அப்பர், லைனிங், வெளிச் சோல் மூன்றுக்கும் பொருளைக் காட்ட வேண்டும். அப்பரின் பரப்பில் 80 விழுக்காடாவது தோலாக இருந்தால் விரித்த தோல் வடிவப் படம். மேற்பூச்சுள்ள தோலுக்கு அதே வடிவத்துக்குள் ஒரு வைரக் கட்டம். வெறும் வைரக் கட்டம் என்றால் வேறு பொருள் என்று அர்த்தம். அச்சில் உட்கோடு மங்கினால் மேற்பூச்சுத் தோல் வெறும் தோலாகிவிடும், கவனம்.

*

எங்கள் பக்கத்துத் தொல்லை 'பிஏடி'. வாங்குபவர் அதைக் கேட்டு மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் அனுப்ப, கம்பெனியில் மாதிரிப் பெட்டி என்று நினைத்து கூரியரில் பெட்டிகளை அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது அச்சுக்கு முந்தைய இறுதிப் படி. பார்த்து, சரி என்று கையெழுத்திட்டுத் தருவதற்காக. கையெழுத்தானபின் எழுத்துப்பிழை தெரிந்தால் அதற்கு அச்சகத்தாரைக் குறை சொல்ல முடியாது. இப்போது அந்தத் தாள் திரும்பி வராமல் எங்கள் முதலாளி அச்சுக்கான ப்ளேட் போட விடுவதில்லை, ஷிப்மென்ட் போகிறதே என்று யார் கத்தினாலும் சரி.