புதுப்பிப்பு: நெல்லையில் எங்கே ஓடலாம் என்று கேட்டிருந்தேனே

வேலை மாறிப் பாளையங்கோட்டைக்கு வந்திருக்கிறேன், ஓடிக்கொண்டே ஊரைப் பார்க்க வழி சொல்லுங்கள் என்று போன வாரம் கேட்டிருந்தேன். வ.உ.சி. மைதானத்தைச் சுற்றச் சொன்னவர்கள் மன்னிக்கவும். டவுன் வரை போகச் சொன்னவர் பேச்சைத்தான் கேட்டேன்.

ஐந்தரைக்குக் கிளம்பி, வண்ணார்பேட்டை தாண்டி, சுலோசன முதலியார் பாலம். 1843-இல் திறந்த பாலம், 11 வளைவுகள். அதற்கு முன்பு ஆற்றைக் கடக்கப் படகுதானாம். முதலியார் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டியிருக்கிறார். கீழே தாமிரபரணியில் துணி துவைக்கும் சத்தம் தப் தப்பென்று என் காலடிக்குச் சரியாக வந்தது. வேகத்தைக் குறைக்க மனமில்லை.

ஜங்ஷன், ஈரடுக்கு மேம்பாலம் எல்லாம் சீக்கிரம் கடந்துவிட்டது. டவுனில்தான் மாட்டினேன். ரத வீதிகளில் திரும்பித் திரும்பி, நெல்லையப்பர் கோயிலை இரண்டு முறை வலம் வந்துவிட்டேன். செருப்புப் போட்டு, அதாவது ஷூ போட்டு வலம் வந்தால் கணக்கில் வருமா தெரியவில்லை.

பூக்கடை ஆச்சி கேட்டார்: "எய்யா, பஸ்ஸ விட்டுட்டியா?"

"இல்ல ஆச்சி, சும்மாதான் ஓடுறேன்."

"சும்மாவா ஓடுத?"

பதில் தோன்றவில்லை. வழி கேட்டுக்கொண்டு ஜங்ஷன் வரை நடந்தேன், அப்புறம் பஸ். ஞாயிற்றுக்கிழமை குறுக்குத்துறை முருகன் கோயில் பக்கம்.