அண்ணனுக்கு டி6 முதுகுத்தண்டு அடி: வீட்டுக்கு வர்றதுக்குள்ள எதெல்லாம் தயார் பண்ணணும்?

முத்துநகர்வாசி:

வணக்கம். அண்ணனுக்கு 32 வயசு. கார் விபத்துல டி6 மட்டத்துல (மார்புப் பகுதியில ஆறாவது முதுகெலும்பு) தண்டுவடம் அடிபட்டிருக்கு, சம்மரியில ஆசியா ஏ-ன்னு (அடிக்குக் கீழ உணர்வும் அசைவும் முழுசா இல்லாத வகை) போட்டிருக்காங்க. கம்பி வச்சு ஆபரேஷன் முடிஞ்சு ஒன்பது வாரம். ரெண்டு கையும் நல்லா இருக்கு, மார்புக்குக் கீழ உணர்வு இல்ல. இப்போ ஃபோலி டியூப்பும் (உள்ளயே நிக்கிற சிறுநீர் டியூப்) யூரின் பேக்கும். அதை எடுத்துட்டு, நேரத்துக்கு நேரம் டியூப் போட்டு எடுக்கப் பழகச் சொல்றாங்க. பத்து நாள்ல டிஸ்சார்ஜ்.

வீடு தூத்துக்குடியில, தரைத்தளம். வாசல்ல ரெண்டு படி, பாத்ரூம் கதவு 2 அடி. சிறுநீர், மோஷன், படுக்கைப் புண், வீடு, சக்கர நாற்காலி, இதுல எதை முதல்ல பார்க்கணும்? சொந்தக்காரங்க வேற, அஞ்சு லட்சத்துக்கு ஸ்டெம் செல் ஊசி இருக்கு, போட்டா நடந்துடுவார்னு நெருக்குறாங்க.

வார்டுசிஸ்டர்:

தம்பி, நீங்க கேட்காத ஒண்ணைத்தான் முதல்ல சொல்லணும். டி6-லயோ அதுக்கு மேலயோ அடின்னா பிரஷர் திடீர்னு எகிறுற ஒரு ஆபத்து இருக்கு. ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியான்னு பேரு. மூத்திரப்பை நிறைஞ்சு முட்டினா அவருக்கு வலி தெரியாது. ஆனா அடிபட்ட இடத்துக்குக் கீழ இருக்கிற நரம்பு பதறி ரத்தக்குழாயை இறுக்கிடும். மூளை "தளர்த்து"ன்னு அனுப்புற உத்தரவு டி6-ஐத் தாண்டிக் கீழ போகாது.

அடையாளம்: மண்டை தெறிக்கிற தலைவலி, முகம் சிவக்கிறது, மார்புக்கு மேல மட்டும் வேர்க்கிறது, மூக்கடைப்பு, புல்லரிப்பு. தண்டுவட அடிக்குப் பிறகு நிறையப் பேருக்கு மேல் பிரஷர் 90-லிருந்து 110-க்குள்ளதான் இருக்கும். அதனால 135-ன்னு காட்டினா "நார்மல்தானே"ன்னு விட்டுடாதீங்க, அவருக்கு அது அதிகம். இப்பவே ஒரு வாரம் தினமும் அளந்து, அவரோட வழக்கமான அளவை எழுதி வச்சுக்கோங்க.

வந்தா உடனே நேரா உட்கார வச்சு காலைத் தொங்கப் போடணும். படுக்க வைக்கக் கூடாது, படுத்தா பிரஷர் இன்னும் ஏறும். பெல்ட், வயித்துப் பட்டை, ஷூ, சாக்ஸ் எல்லாத்தையும் தளர்த்துங்க. அடுத்து டியூப்: மடங்கியிருக்கா, பேக் நிறைஞ்சிருக்கா, அடைச்சிருக்கா? டியூப் இல்லேன்னா ஜெல்லி தடவிப் போட்டு உடனே எடுத்து விடுங்க. முக்கால்வாசி நேரம் இதோடயே இறங்கிடும். இல்லேன்னா மலம் இறுகியிருக்கா பாருங்க, ஆனா 2 சதவீத லிக்னோகெய்ன் ஜெல்லி (மரத்துப்போக வைக்கிறது) போட்டு சில நிமிஷம் கழிச்சுத்தான் விரல் வைக்கணும். நேரா விரலை விட்டா அதுவே பிரஷரை ஏத்தும். அதுவும் இல்லேன்னா புண், உள்ளே வளர்ந்த கால் நகம், ஏதாவது தீக்காயம். 150-க்கு மேல நின்னா ஆஸ்பத்திரிதான், அங்க மாத்திரை கொடுத்து இறக்குவாங்க. வயாகரா வகை மாத்திரை சாப்பிட்டிருந்தா மறைக்காமச் சொல்லணும், அதோட நைட்ரேட் மருந்து சேர்ந்தா பிரஷர் பாதாளத்துக்குப் போயிடும்.

இன்னொண்ணையும் குழப்பிக்காதீங்க. படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வச்சதும் கண் இருட்டி மயக்கம் வந்தா அது பிரஷர் இறங்குறது. அப்போ மட்டும்தான் சாய்ச்சு, காலைத் தூக்கி வைக்கணும். சந்தேகமா இருந்தா மெஷின்ல அளந்துட்டு முடிவு பண்ணுங்க.

சிறுநீர் விஷயம். நேரத்துக்கு நேரம் டியூப் போடுறதுதான் நல்லது, ஃபோலியை வருஷக்கணக்கா வச்சிருக்கிறதை விட. கை நல்லா இருக்கிறதால அண்ணனே போட்டுக்கலாம், டிஸ்சார்ஜுக்கு முன்னாடி குறைஞ்சது அஞ்சாறு தடவை சிஸ்டர் முன்னாடி அவர் கையாலயே போட்டுப் பார்க்கட்டும். 12 இல்ல 14 நம்பர் நெலட்டான் டியூப் (போட்டு உடனே எடுத்துடுற வகை). கையை சோப்பு போட்டுக் கழுவணும், ஜெல்லியில கஞ்சத்தனம் கூடாது. ஆணுறுப்பை வயித்துப் பக்கமா உயர்த்திப் பிடிச்சாதான் பாதை நேராகும். சிறுநீர் வர ஆரம்பிச்சதும் இன்னும் ரெண்டு செ.மீ உள்ள விடுங்க. நடுவுல தடுத்தா தள்ளாதீங்க, அது வால்வு தசை இறுகுறது, மூச்சை ஆழமா இழுத்து விட்டு ஒரு நிமிஷம் காத்திருந்தா விடும். தள்ளினா ரத்தம் வரும், பிறகு தழும்பு விழுந்து பாதையே சுருங்கும். முடிஞ்சதும் பின்னால தள்ளின முன்தோலைத் திரும்ப நுனிக்கு இழுத்து விட மறக்கவே கூடாது, பின்னாலேயே நின்னா வீங்கி இறுகிடும்.

4 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு ஆரம்பிங்க. ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வருதுன்னு நோட்டுல எழுதுங்க. 500 மில்லியைத் தாண்டவே கூடாது, தாண்டினா இடைவெளியைக் குறைங்க. ஒரு நாளைக்கு ஒன்றரையிலிருந்து ரெண்டு லிட்டர் தண்ணி, அதைப் பிரிச்சுக் குடிக்கணும். பகல் முழுக்கக் கால் தொங்கியிருந்தா அதுல தேங்குற நீர், ராத்திரி படுத்ததும் சிறுநீரா இறங்கும். அதனால சாயங்காலம் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வச்சுட்டு, ஏழு மணிக்கு மேல தண்ணியைக் குறைச்சா நடு ராத்திரி அலாரம் மிச்சம்.

அடிவயித்தை அமுக்கி எடுக்கிற வேலை வேண்டாம். வால்வு மூடியிருக்கும்போது அமுக்கினா சிறுநீர் மேல கிட்னிக்கு ஏறும். காய்ச்சல், குளிர், கால் உதறல் அதிகமாகிறது, இதெல்லாம் இல்லாம ரிப்போர்ட்ல கிருமின்னு மட்டும் வந்தா ஆன்டிபயாடிக் வேண்டியதில்லை. டியூப் போடுறவங்க கிட்டத்தட்ட எல்லாருக்குமே கிருமி இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கிட்னி ஸ்கேன், கிரியேட்டினின் ரத்த டெஸ்ட். மூத்திரப்பை அழுத்தத்தை அளக்கிற யூரோடைனமிக் டெஸ்ட் எப்போன்னு டாக்டரைக் கேட்டு வச்சுக்கோங்க.

மோஷன்: டி6-ல ரிஃப்ளெக்ஸ் (குடல் தானா சுருங்கித் தள்ளுற அனிச்சைச் செயல்) இருக்கும், அது பயன்படும். தினமும் இல்ல ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே நேரத்துல. காலை டிபன் முடிஞ்சு அரை மணி நேரத்துல குடல் தானா அசையும், அதைப் பிடிச்சுக்கணும். பிசாகோடில் 10 மில்லிகிராம் ஆசனவாய் மாத்திரையை குடல் சுவரை ஒட்டி வைக்கணும், மலத்துக்குள்ள குத்தி வச்சா வேலை செய்யாது. 15 நிமிஷம் கழிச்சு கிளவுஸும் ஜெல்லியும் போட்ட விரலை 15-20 வினாடி வட்டமா சுத்தணும், அஞ்சு பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒரு வாரமா போகாம திடீர்னு தண்ணியா ஒழுகினா பேதின்னு நினைச்சு மாத்திரை கொடுக்காதீங்க. மேல கட்டி அடைச்சு ஓரமா கசியுதுன்னு அர்த்தம்.

சக்கரக்கை_பிசியோ:

சிஸ்டர் சொன்னதுக்கு மேல சேர்க்க ஒண்ணுமில்லை. நான் தோலும் நாற்காலியும்.

படுக்கையில ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பணும். முழுசா பக்கவாட்டுல படுக்க வச்சா இடுப்பு எலும்பு குத்தும், முதுகுக்குத் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்வு போதும். குதிகால் எதையும் தொடக் கூடாது, கெண்டைக்காலுக்குக் கீழ தலையணை. ஏர் பெட் வாங்கினாலும் திருப்புறதை நிறுத்த முடியாது. விக்கிறவர் வேற மாதிரி சொல்வார்.

நாற்காலியில உட்கார்ந்தா 15-30 நிமிஷத்துக்கு ஒரு தடவை எடையை மாத்தணும். கையை ஊன்றி எம்பி அஞ்சு வினாடி நிக்கிறது பத்தாது, நசுங்கின இடத்துல ரத்தம் திரும்ப ஓட கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷம் வேணும். அதனால முன்னால குனிஞ்சு மார்பைத் தொடையில சாய்ச்சு ரெண்டு நிமிஷம். தோள்பட்டையும் பிழைக்கும். காலையும் ராத்திரியும் போன் கேமராவுல வால் எலும்பு, உட்காரும் எலும்பு ரெண்டு, குதிகால் பாருங்க. சிவப்பு அரை மணியில மறையலேன்னா அது மறையுற வரைக்கும் அந்தப் பக்கம் படுக்கவும் உட்காரவும் கூடாது. பின் பாக்கெட்ல பர்ஸ், தடிச்ச தையல் இருக்கிற ஜீன்ஸ், மடியில சூடான சாப்பாட்டுத் தட்டு, ஒத்தட பாட்டில், எல்லாத்துக்கும் தடை.

நாற்காலி: மெடிக்கல் கடையில கிடைக்கிற 18 அங்குல இரும்பு நாற்காலியை வாங்கிடாதீங்க. அகலமா இருந்தா ஒரு பக்கமா சரிஞ்சு முதுகு வளையும். இடுப்பு அகலத்தோட ஒரு அங்குலம், முழங்கால் மடிப்புக்கும் சீட்டுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல். ஐ.ஐ.டி மெட்ராஸ்ல உருவான நியோஃப்ளை மாதிரி அளவெடுத்துச் செய்யறது இருக்கு, பட்ஜெட் பார்த்துக்கோங்க. காற்றறை குஷன்னா வாரம் ஒரு தடவை அவர் உட்கார்ந்திருக்கும்போதே அடியில கையை விட்டுப் பாருங்க. உட்காரும் எலும்புக்கும் அடித்தளத்துக்கும் நடுவுல அரையிலிருந்து ஒரு அங்குலம் இருக்கணும். கல்லு மாதிரி ஊதி வைக்கிறதுதான் எல்லாரும் செய்யற தப்பு.

சரிவுக்கு ஒரு கணக்கு: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். படி ரெண்டும் தலா 7 அங்குலம்னா 14 அடி. இடம் பத்தலேன்னா எல் மாதிரி திருப்புங்க, செங்குத்தா மட்டும் போடாதீங்க. கதவு 32 அங்குலம் தெளிவா வேணும், உங்க 2 அடியில நாற்காலி நுழையாது. நிலையை எடுத்து அகலப்படுத்துங்க, கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். முதல்ல இடிக்க வேண்டியது அதுதான், சரிவு வர்ற வரைக்கும் வாசலைக் கடத்த ரெண்டு பேர் தூக்கலாம். கமோடு உயரமும் நாற்காலி சீட் உயரமும் ஒண்ணா இருந்தா மாறுறது சுலபம். கமோடு சீட் மெத்தை வச்சதா இருக்கணும், அதுலயும் அரை மணிக்கு மேல வேண்டாம்.

முத்துநகர்வாசி:

ரொம்ப நன்றி. ரெண்டு சந்தேகம். அம்மா நடுவுல ஓட்டை வச்ச வளையத் தலையணை வாங்கிட்டாங்க, புண் வராதுன்னு. அப்புறம் ரெண்டு நாளா கால் தானா உதறுது. உணர்வு திரும்புதா?

சக்கரக்கை_பிசியோ:

வளையத்தைக் கடையிலயே திருப்பிக் கொடுங்க. ஓட்டையைச் சுத்தி இருக்கிற தோல் நசுங்கி, நடுப்பகுதிக்கு வர்ற ரத்தமே நிக்கும். எதுக்கு வாங்கினாங்களோ அதைக் கெடுக்கும்.

உதறல் உணர்வு இல்ல தம்பி, ஸ்பாஸ்டிசிட்டி. அடிபட்டதும் தண்டுவடம் அடங்கிப் போயிருந்த அதிர்ச்சி நிலை விலகி, கீழ் நரம்பு மூளையோட கட்டளை இல்லாம தானா சுடுது. திரும்புதான்னு தெரியணும்னா அவர் நினைச்சு விரலை அசைக்கிறாரா, ஆசனவாய்ப் பக்கம் தொட்டா தெரியுதான்னு டாக்டர் பரிசோதிப்பார். உதறல் திடீர்னு அதிகமானா காரணம் தேடுங்க: சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புண். உதறலைக் குறைக்கிற பேக்லோஃபென் மாத்திரை கொடுத்தா ஒரு நாளும் திடீர்னு நிறுத்தக் கூடாது, வலிப்பு வரும். ஊருக்குப் போறப்ப ஒரு வாரத்துக்குக் கூடுதலா எடுத்துட்டுப் போங்க. காலை நீட்டி மடக்கும்போதும் முரட்டுத்தனம் வேண்டாம், எலும்பு மெலிஞ்சுக்கிட்டே வரும், உடைஞ்சாலும் அவருக்கு வலிக்காது. ஒரு கால் மட்டும் வீங்கினா ரத்தம் கட்டியிருக்கான்னு பார்க்க உடனே டாப்ளர் ஸ்கேன்.

ஊசி விஷயம்: முதுகுத்தண்டு அடிக்கு ஸ்டெம் செல் இந்தியாவுல அங்கீகரிச்ச சிகிச்சை இல்ல. ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதல்படி ஆராய்ச்சிப் பரிசோதனையா மட்டும்தான் செய்யலாம், அதுக்கு நோயாளிகிட்ட காசு வாங்கக் கூடாது. அஞ்சு லட்சம் கேட்டாலே பதில் கிடைச்சிடுச்சு. அந்தக் காசு அளவெடுத்த நாற்காலி, குஷன், பாத்ரூம் எல்லாத்துக்கும் போதும், மிச்சமும் இருக்கும்.

நேரா வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி சில வாரம் மறுவாழ்வுப் பயிற்சி கிடைக்குமான்னு கேளுங்க. உங்களுக்குப் பக்கம் தென்காசி ஆய்க்குடியில அமர் சேவா சங்கம். வேலூர் சி.எம்.சி-க்கு பாகாயத்துல தனி மையமே இருக்கு. 1954-ல கார் விபத்துல இடுப்புக்குக் கீழ செயலிழந்து, பிறகு நாற்காலியில உட்கார்ந்தே தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் செஞ்ச டாக்டர் மேரி வர்கீஸ் அந்தத் துறையை வளர்த்தவங்க.

தீர்ப்பாயம்_மதுரை:

விபத்து நஷ்டஈடு வழக்குப் பக்கம் யாரும் தொடலை. விபத்து நடந்து ஒன்பது வாரம் ஆச்சு. 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த திருத்தப்படி மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவுல ஆறு மாதக் கெடு இருக்கு, அதுக்குள்ள மனுவைப் போட்டுடுங்க. விபத்து நடந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை, நீங்க குடியிருக்கிற இடத்துத் தீர்ப்பாயத்துலயே போடலாம். எஃப்.ஐ.ஆர், ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, சம்பளச் சான்று, பில் எல்லாம் வேணும். டியூப், கிளவுஸ், ஜெல்லிக்கும் பில் வாங்குங்க, எதிர்கால மருத்துவச் செலவுக்கு அதுதான் ஆதாரம்.

ஊனம் எத்தனை சதவீதம்ங்கறது வேற, சம்பாதிக்கிற திறன் எவ்வளவு போச்சுங்கறது வேற. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்குல 2010-ல உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவா பிரிச்சிருக்கு. வருஷ வருமான இழப்பை வயசுக்கேத்த ஒரு எண்ணால பெருக்குவாங்க, 31-லிருந்து 35 வயசுக்கு அந்தப் பெருக்கல் எண் 16. உதவியாளர் செலவையும் அதே முறையில கணக்குப் போடணும்னு 2020 காஜல் வழக்குத் தீர்ப்பு. பராமரிப்புக்கு ஆள் வேணும்னு மனுவுல தனித் தலைப்பாக் கேளுங்க, விட்டுப் போறது பெரும்பாலும் இதுதான். வார்டுக்கே வந்து "சீக்கிரம் முடிச்சுத் தர்றேன்"ங்கற தரகர்கிட்ட வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதீங்க.

காரை அண்ணனே ஓட்டி, தப்பும் அவர் பேர்ல, காரும் அவர் பேர்லன்னா இது எடுபடாது. அப்போ பாலிசியில உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு 15 லட்சம் இருக்கான்னு பாருங்க. கூடவே யு.டி.ஐ.டி (மாற்றுத்திறனாளி அடையாள) அட்டைக்கு இப்பவே பதிவு பண்ணுங்க, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துல மாத உதவித்தொகைக்கும் நாற்காலிக்கும் அதைத்தான் முதல்ல கேப்பாங்க.