கரீபியன் தீவுகளில் பறவை பார்த்தவர்கள் வாங்க: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி

பனங்காடை:
டொமினிக்கா. (டொமினிக்கன் குடியரசு இல்லை, அது வேறு நாடு.) சிசெரு கிளியைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. அந்த நாட்டுக் கொடியின் நடுவில் நிற்பது அதுதான், அந்தத் தீவை விட்டால் வேறெங்கும் கிடையாது. மோர்ன் டியாப்லோட்டன் மலைச்சரிவில் சிண்டிகேட் காட்டுப் பாதைக்குப் போயிருந்தோம். 2017 மரியா புயல் அடித்துப் போட்ட மரங்கள் இன்னும் கிடக்கின்றன. அந்தத் தீவின் இன்னொரு கிளியான ஜாக்கோக்கள் கத்திக்கொண்டே பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தன. அப்புறம் ஒன்று தனியாக வந்தது. பெரியது, கருத்த உருவம். கைடு "சிசெரு!" என்று என் தோளைப் பிடித்துத் திருப்பினார். பைனாகுலரைத் தூக்கினால் நேர் எதிரே வெயில். வயிற்றின் ஊதா நிறம் துளியும் தெரியவில்லை. மேட்டைத் தாண்டிப் போயே போய்விட்டது.

இறங்கும் வழியில் "நிச்சயமாக சிசெருதானா?" என்று கேட்டேன். மனுஷர் பதில் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் பார்த்த பறவைகளின் பட்டியலில் சேர்க்கவா வேண்டாமா?

கொண்டலாத்தி:
சேருங்கள். அவர் தினமும் பார்க்கிற பறவை.

என்னுடையது டிரினிடாட், அரிமா பள்ளத்தாக்கு, ஆசா ரைட் இயற்கை மையம். எல்லாரும் அங்கே உட்கார்ந்து பறவை பார்க்கிற வராந்தாவைப் பற்றியே எழுதுவார்கள், நான் கீழே இருக்கிற டன்ஸ்டன் குகையைச் சொல்கிறேன். அங்கே கூடு கட்டியிருக்கும் ஆயில்பேர்ட் இரவில் மட்டும் வெளியே வந்து பழம் தின்கிற பறவை. இருட்டில் டிக்டிக் என்று ஒலி எழுப்பி அதன் எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும், வௌவாலைப் போலத்தான், ஆனால் இந்த ஒலி நம் காதுக்கே கேட்கும். நாங்கள் போனபோது டிக்டிக் எல்லாம் இல்லை. உள்ளேயிருந்து, தொண்டையில் மீன்முள் சிக்கிய பெரியவர் காறுவது மாதிரி ஒரு சத்தம், ஒன்றில்லை, ஒரு கூட்டமே காறியது. என் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

கைடு விளக்கைப் பாறைத் திட்டின் மேல் ஒரு கணம் காட்டினார். சிவப்பாக இரண்டு கண், பக்கத்தில் இன்னும் இரண்டு. குஞ்சுகள் ஒரு கட்டத்தில் தாய் தகப்பனைவிட எடை கூடிவிடுமாம், உடம்பெல்லாம் கொழுப்பு. அந்தக் காலத்தில் அதைப் பிடித்து உருக்கித்தான் விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெய் எடுத்தார்கள், பெயரும் அப்படி வந்ததுதான். அதைக் கேட்டதும் மகள் "விளக்கை அணைக்கச் சொல்லுப்பா" என்றாள். அணைத்த பிறகும் காறல் நிற்கவில்லை.

தவிட்டுக்குருவி:
எனக்குக் காடெல்லாம் வாய்க்கவில்லை. பார்படோஸ், கடற்கரை ஓட்டல், காலைச் சாப்பாடு. திறந்த கூடம், சுவரே கிடையாது. பழுப்பாக ஒரு சின்னக் குருவி மேசையில் இறங்கி, கிண்ணத்திலிருந்து சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை இழுத்துப் போட்டு, காலால் அழுத்திக்கொண்டு மூலையைக் கிழித்தது. அவசரமே இல்லை. கிழித்த ஓட்டையில் அலகை விட்டு விட்டு எடுத்தது, அலகைச் சுற்றி வெள்ளையாக ஒட்டியிருந்தது. பார்படோஸ் புல்ஃபிஞ்ச்! உலகத்திலேயே அந்தத் தீவில் மட்டும் இருக்கிற ஒரே பறவை அதுதான். பக்கத்துத் தீவுகளில் அதன் சொந்தக்காரப் பறவையில் ஆண் கருப்பாக, தொண்டை சிவப்பாக இருக்கும். இங்கே ஆண் பெண் இரண்டும் ஒரே மங்கல் பழுப்பு.

அதற்குள் பரிமாறுகிறவர் துண்டை வீசி விரட்டிவிட்டார். "ஐயோ, விடுங்க" என்று நான் எழுந்தது அடுத்த மேசைக்கும் கேட்டுவிட்டது. என் வீட்டுக்காரர் இன்றைக்கும் யார் வந்தாலும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்.

உள்ளான்:
தவிட்டுக்குருவி அக்கா தப்பாக நினைக்க வேண்டாம். ஓட்டல் மேசைக்கு வருகிற குருவியைப் பார்ப்பதெல்லாம் பறவை பார்ப்பது ஆகுமா? சர்க்கரைக்குப் பழகிய பறவை. நாம் தேடிப் போக வேண்டும், அதுதான் ருசி.

கியூபாவில் ஸபாத்தா சதுப்பு நிலம் போனேன். தேனீ ஹம்மிங்பேர்ட், உலகின் மிகச் சிறிய பறவை, இரண்டு கிராம்கூட இருக்காது. பால்பித்தே கிராமத்தில் ஒரு வீட்டுத் தோட்டம். ஆண் ஒன்று காய்ந்த குச்சி நுனியில் உட்கார்ந்து தலையைத் திருப்பியது. அதுவரை கருப்பாகத் தெரிந்த தொண்டை சட்டென்று தீச்சிவப்பு. திரும்ப இந்தப் பக்கம், கருப்பு. பக்கத்தில் இருந்த பெரிய பச்சை ஹம்மிங்பேர்ட் அதைத் துரத்திக்கொண்டே இருந்தது. அடித்துத் துரத்தினாலும் அது அதே குச்சிக்குத்தான் வந்தது.

தவிட்டுக்குருவி:
உள்ளான் தம்பி, அந்த வீட்டுத் தோட்டத்தில் என்ன தொங்கவிட்டிருந்தார்கள்?

உள்ளான்:
பூச்செடிகளும் இருந்தன அக்கா.

தவிட்டுக்குருவி:
சர்க்கரைத் தண்ணீர் பாட்டில்தானே. சரி சரி.

நாகணவாய்:
சண்டை வேண்டாம். நான் டிரினிடாடின் கரோனி சதுப்பு நிலத்தில் சிவப்பு அரிவாள் மூக்கன் பார்த்தேன். மாலையில் கூட்டமாக வந்து அலையாத்தி மரத்தில் இறங்கின, மரம் சிவந்துவிட்டது. என் படகில் ஒருவர் அந்த நேரம் பார்த்து போனில் பேசிக்கொண்டிருந்தார், ஆபீஸ் விஷயம், சத்தமாக. இன்றைக்கு நினைத்தாலும் எரிகிறது.

இனிமேல் போகிறவர்களுக்குச் சில விஷயம். படகு மாலை நாலு மணி வாக்கில் கிளம்பும், அதற்கேற்ப அறை எடுங்கள். பக்கத்துத் தீவான டொபாகோவில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் வந்து போகலாம் என்று நினைக்காதீர்கள். முழுக்கை சட்டை கட்டாயம், கொசு சும்மா விடாது. படகைத் தூரத்திலேயே கட்டிவிடுவார்கள், கிட்டப் போகச் சொல்லிக் கைடை நச்சரிக்க வேண்டாம். இறைச்சிக்காக இந்த அரிவாள் மூக்கனைச் சுட்டுத் தின்றவர்கள் உண்டு. 2018இல்தான் அதைத் தனிப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்தார்கள், வேட்டையாடினால் ஒரு லட்சம் டிரினிடாட் டாலர் அபராதம், இரண்டு வருடம் சிறையும் உண்டு. கூட்டத்தில் சாம்பல் பழுப்பாகத் தெரிவதை வேறு பறவை என்று எழுதிவிடாதீர்கள், அது இளசு. நண்டும் இறாலும் தின்னத் தின்னத்தான் சிவப்பு ஏறும்.

முக்கியமாக ஏசி. ஓட்டல் அறையில் இரவெல்லாம் குளிர்ந்த பைனாகுலரைக் காலையில் வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும், துடைத்தாலும் திரும்பப் படியும். பறவை போன பிறகுதான் தெளியும். படுக்கும் முன் அதைப் பையோடு ஏசி இல்லாத இடத்தில் வையுங்கள், குளியலறையானாலும் சரி. ஜனவரியிலிருந்து மே வரை மழை குறைவு. டிரினிடாடில் காலையில் டபுள்ஸ் (பொரித்த ரொட்டியில் கொண்டைக்கடலைக் கறி) சாப்பிடுங்கள், மிளகாய் மட்டும் "ஸ்லைட்", அதாவது கொஞ்சமாக, என்று சொல்லுங்கள், நம் ஊர் நாக்கு என்று வீறாப்பு காட்ட வேண்டாம். கியூபா போகிறவர்கள் ரொக்கம் கொண்டுபோங்கள், அமெரிக்க வங்கி அட்டை அங்கே செல்லாது. இன்னும் சொல்லலாம்.

கொண்டலாத்தி:
போதும் அண்ணா.

செம்போத்து:
உள்ளான், இதையும் சர்க்கரைத் தண்ணீர் என்று தள்ளிவிடாதீர்கள். ஜமைக்கா, மாண்டிகோ பே பக்கத்தில் ராக்லண்ட்ஸ். கையில் ஒரு குட்டிப் பாட்டிலைக் கொடுத்து, விரலை நீட்டி ஆடாமல் உட்காரச் சொல்வார்கள். சிவப்பு அலகு, உடம்பைவிட நீளமாக இரட்டை வால். டாக்டர் பேர்ட் என்கிற ஹம்மிங்பேர்ட், அந்த நாட்டின் தேசியப் பறவை. பறக்கும்போது வாலிலிருந்தே ஒரு ரீங்காரம் வரும், அதைக் கேட்டுத்தான் வருகிறது என்று தெரிந்துகொண்டேன். விரலில் உட்கார்ந்தது. கனம் என்று எதுவுமே இல்லை, நகம் பதிந்தது மட்டும் தெரிந்தது. அது குடிக்கக் குடிக்கத் தொண்டை துடித்தது.

கூட வந்த எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். ஒன்றில்கூடப் பறவை இல்லை. என் விரல் இருக்கிறது, பாட்டில் இருக்கிறது.

நாகணவாய்:
ஷட்டர் வேகத்தை இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கு வைக்கச் சொல்லியிருக்கலாம்.