காலண்டர் டிசைனர் யூஎக்ஸ் பக்கம் வரலாமா? அப்புறம், புறா வளர்ப்பதைப் போர்ட்ஃபோலியோவில் எழுதலாமா?

மாடிப்புறா:

வணக்கம். சிவகாசியில் ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் 11 வருடமாக டிசைனராக இருக்கிறேன். தினசரி காலண்டர், மாதக் காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பட்டாசுப் பெட்டி லேபிள், எல்லாம் செய்வேன். பேஜ்மேக்கரில் ஆரம்பித்தவன். கோரல் டிரா கண்ணை மூடிக்கொண்டு வரும். வயது 33.

ஆடிப்பெருக்குக்குப் புது வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் போட்டுவிட்டால் மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. தை பிறந்தால் ஈ ஓட்டுவோம். இந்தத் தையில் ஈ ஓட்டாமல், ஆப் திரைகளை வரையும் ஃபிக்மா மென்பொருளைக் கற்றுக்கொண்டேன். தினசரி காலண்டரையே ஒரு ஆப்பாக வரைந்து வைத்திருக்கிறேன்.

கேள்வி இரண்டு. அச்சு வேலையிலிருந்து இந்த வயதில் வருகிறவனை யூஎக்ஸ் வேலைக்கு, அதாவது ஆப்பையும் வெப்சைட்டையும் ஜனங்கள் சுலபமாகப் பயன்படுத்தும்படி வடிவமைக்கும் வேலைக்கு, எடுப்பார்களா? இல்லை, ஏஐ வந்தபின் அந்த வேலையே இருக்காதா?

இரண்டாவது கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும். செய்த வேலைகளைத் தொகுத்துக் காட்டும் போர்ட்ஃபோலியோவில் ‘என்னைப் பற்றி’ என்று ஒரு பக்கம் வைத்து, சொந்த ஆர்வங்களை எழுத வேண்டுமாம். ஆன்லைன் வகுப்பு எடுத்தவர் “பயணம், புகைப்படம், காபி” என்று போடச் சொன்னார். நான் காபியே குடிப்பதில்லை. மொட்டை மாடியில், தூரத்தில் விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர் புறா 26 வளர்க்கிறேன். அதை எழுதினால் சிரிப்பார்களா?

ரெண்டாம் ஷிஃப்ட்:

சகோ, மனம் நோகச் சொல்லவில்லை. நானும் அச்சிலிருந்து வந்தவன்தான். மூன்று வருடம் என் விசிட்டிங் கார்டில் யூஎக்ஸ் டிசைனர் என்று இருந்தது. செய்ததெல்லாம் தீபாவளி ஆஃபர் பேனர். 2021இல் ஃபிக்மாவைத் திறக்கத் தெரிந்தாலே கூப்பிட்டுக்கொண்டார்கள். இப்போது என் கண்ணுக்குத் தெரிந்து புதியவர்களுக்கு இடம் ரொம்பக் குறைவு. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு மட்டும் தேடாதீர்கள். சான்றிதழுக்கு 80 ஆயிரம் கேட்கிறவனைக் கண்டால் ஓடிவிடுங்கள்.

புறா பற்றி எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் வளர்க்கிறவரைக் கண்டால் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் சண்டைக்கு வருவார்கள்.

பழைய பலகை:

நான் சென்னையில் யூஎக்ஸ் டிசைனர், 14 வருடம் ஆகிறது. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பாட்டி வீட்டில் ஊஞ்சலுக்கு எதிர்ச்சுவரில் தினசரி காலண்டர் தொங்கும். பாட்டிக்கு ஒரு கண்ணில் புரை. ஊஞ்சலில் உட்கார்ந்தபடியே தேதியைப் படித்துவிடுவாள். எழுந்து நாலடி போனால் ராகு காலமும் எமகண்டமும். மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தால்தான் இன்றைக்குச் சந்திராஷ்டமம் எந்த ராசிக்கு என்று தெரியும். ஒரே தாளில் மூன்று தூரத்துக்கு மூன்று அளவு. எது தினமும் வேண்டும், எது வெளியே கிளம்பும்போது வேண்டும், எது வயிற்றைக் கலக்கும்போது மட்டும் வேண்டும் என்று யாரோ யோசித்து வைத்த வரிசை அது. அந்த யாரோ உங்களைப் போன்ற ஒருவர். எங்கள் ஆபீஸில் இதையே முப்பது ஸ்லைடு போட்டு விளக்குவோம். ஆக, பாதி வேலை உங்களுக்குத் தெரியும்.

தெரியாத பாதியைச் சொல்கிறேன். அச்சில் லாரி ஏறிவிட்டால் தாள் போயே போச்சு. யார் அதை எப்படிப் படிக்கிறார், எங்கே முழிக்கிறார் என்று நீங்கள் போய்ப் பார்ப்பதில்லை. எங்கள் வேலையில் முக்கால்வாசி அதுதான். பக்கத்தில் உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டு பார்ப்பது. சொல்வதற்குச் சுலபம். எனக்கு அந்த வாயை மூடவே நாலு வருடம் பிடித்தது.

செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமம். மகளிர் குழுக்களுக்குக் கடன் கொடுக்கும் ஆப் ஒன்றைச் சோதிக்கப் போயிருந்தோம். யாருடைய ஆப் என்பது வேண்டாம். ஐம்பது வயது இருக்கும் ஒரு அக்கா, பிறந்த தேதிக் கட்டத்தைத் தொட்டார். அந்த மாதத்தின் காலண்டர் திறந்தது. உங்கள் காலண்டர் மாதிரி இல்லை, எறும்பு எறும்பாக எண்கள். பின்னால் போக ஒரு சின்ன அம்புக்குறி, ஒரு தட்டுக்கு ஒரு மாதம். ஐம்பது வருடத்துக்கு 600 தட்டு. மேலே இருக்கும் வருடத்தைத் தொட்டால் வருடப் பட்டியல் வரும் என்பது எனக்குத் தெரியும், டெவலப்பருக்குத் தெரியும். அந்த அக்காவுக்கு யார் சொன்னது? கட்டைவிரலால் தட்டிக்கொண்டே இருந்தார். விரல் ஈரமாகி, திரை ஏற்காமல் போக, முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். மூன்று வருடம் பின்னால் போயிருப்பார். போனை என் மடியில் வைத்துவிட்டு, “நீங்களே போட்டுக் குடுத்துடுங்கம்மா, நமக்குப் படிப்பு பத்தாது” என்றார்.

குழுவின் கணக்கு நோட்டை ஒன்பது வருடமாக எழுதுகிறவர் அவர். ஒரு அடித்தல் திருத்தல் இல்லாத நோட்டு. அந்தத் திரையை வரைந்தது நான்.

கதை அதோடு முடியவில்லை. அவருடைய ஆதாரை வாங்கிப் பார்த்தால் பிறந்த வருடம் மட்டும்தான் இருந்தது. நிறையப் பேருக்கு அப்படித்தான். நாளுக்கும் மாதத்துக்கும் அவர் எங்கே போவார்? ஆபீஸ் திரும்பியதும் காலண்டரைத் தூக்கிவிட்டு நாள், மாதம், வருடம் என்று மூன்று கட்டம் போட்டோம். தொட்டால் எண்கள் மட்டும் உள்ள விசைப்பலகை வரும். ‘வருடம் மட்டும் தெரியும்’ என்று கீழே ஒரு வழி. வரைய அரை மணி நேரம். அந்தக் கடைசி வரியைச் சட்டப் பிரிவு ஒப்புக்கொள்ள இரண்டு மாதம். யூஎக்ஸ் வேலை என்றால் அந்த இரண்டு மாதமும் சேர்த்துத்தான். கூட்டத்தில் உட்கார்ந்து ஒரே விஷயத்தை ஆறு பேருக்கு ஆறு விதமாகச் சொல்லத் தெரிய வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாமா பெயர் மேலே வருமா சித்தப்பா பெயர் மேலே வருமா என்ற பஞ்சாயத்தைப் பதினோரு வருடம் பார்த்தவருக்கு இது பெரிதில்லை.

ஏஐ திரையை வரைந்துவிடும். நானே வரையச் சொல்கிறேன். ‘கடன் விண்ணப்பப் படிவம் ஒன்று கொடு’ என்றால் கண்ணுக்கு லட்சணமாகக் கொடுக்கிறது. நான் கேட்ட ஒவ்வொரு முறையும் பிறந்த தேதிக்கு அதே எறும்புக் காலண்டரைத்தான் வைத்தது. பேனர் மட்டும் வரைகிறவர்களுக்குப் பயம் நியாயம்தான், அதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை கொடுக்க மாட்டேன். ஆனால் இந்தத் தொழிலில் பதற்றம் புதிதில்லை. 2022 செப்டம்பரில் ஃபோட்டோஷாப் கம்பெனியான அடோபி 2,000 கோடி டாலருக்கு ஃபிக்மாவை வாங்கப் போகிறது என்று செய்தி வந்த அன்று எங்கள் ஆபீஸ் எழவு வீடு மாதிரி இருந்தது. 2023 டிசம்பரில் அந்தப் பேச்சையே கைவிட்டார்கள். நடுவில் அந்தப் பதினைந்து மாதமும் நான் செய்த வேலையில் ஒரு மாற்றமும் இல்லை. யாராவது எங்காவது தட்டிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இனி புறா. கட்டாயம் எழுதுங்கள். ஆள் எடுக்கும்போது நான் படிக்கிற விண்ணப்பங்களில் பயணம், புகைப்படம், காபி என்று இருப்பவை எல்லாம் ஒரே ஆள் பேர் மாற்றிப் போட்ட மாதிரி இருக்கும். ஆனால் ‘ஆர்வம்: புறா வளர்ப்பு’ என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதீர்கள். புறாவிடம் நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

என்னுடையது பெயர்ப்பலகை. கையால் எழுதிய பழைய கடைப்பலகைகளைத் தேடிப் போய்ப் படம் எடுப்பேன். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து ‘ணை, லை, ளை, னை’ நாலும் முன்னால் ஒட்டியிருந்த யானைத் தும்பிக்கை போன்ற வளைவை இழந்தன, தெரியுமில்லையா? அந்தத் தும்பிக்கை இன்னும் மிச்சமிருக்கும் பலகைகள் என்றால் எனக்குச் சோறு வேண்டாம். காரைக்குடியில் ஒரு பெயின்டரைப் பார்த்தேன், எழுபதைத் தாண்டியவர். நீளமான கடைப்பேரை எப்படிப் பலகைக்குள் அடக்குகிறீர்கள் என்று கேட்டேன். முதல் எழுத்திலிருந்து எழுதுவதில்லையாம். ‘ர’வுக்கு அரை, ‘க’வுக்கு ஒன்று, ‘ண’வுக்கு ஒன்றரை என்று விரலில் கூட்டி, நடு எழுத்து எது என்று கண்டுபிடித்து, அதைப் பலகையின் நடுவில் சாக்பீஸால் குறித்துவிட்டு இரண்டு பக்கமும் பிரிவாராம். “புது லைக்கு முன்னாடி ஒரு முழு எழுத்து எடம் போயிருதும்மா, பழைய லைன்னா தும்பிக்கை ஒட்டிக்கிட்டுப் போயிரும். எடம் பத்தாட்டி இப்பவும் பழசுதான் போடுவேன்” என்றார். அரசாணையாவது ஒன்றாவது!

அடுத்த வாரமே ஒரு பட்டனில் ‘சமர்ப்பிக்கவும்’ அடங்காமல் மூன்று புள்ளி வைத்து வெட்டிக்கொண்டு நின்றது. எழுத்தைச் சின்னதாக்கச் சொன்னார்கள். நான் வார்த்தையை மாற்றி ‘அனுப்பு’ என்று போட்டேன்.

கோடு மட்டும்:

டெவலப்பர் தரப்பிலிருந்து ஒரு வயிற்றெரிச்சல். மேலே எழுதிய பழைய பலகை அக்கா விதிவிலக்கு. எனக்கு வரும் டிசைன் ஃபைல்களில் பட்டன் எல்லாம் ஆங்கிலத்தில் அளவெடுத்துத் தைத்திருக்கும். ரிலீசுக்கு இரண்டு நாள் முன்னால் தமிழ் மொழிபெயர்ப்பு வரும். ‘சமர்ப்பிக்கவும்’ நம் கணக்கில் 9 எழுத்து. யுனிகோடில் புள்ளி, கொம்பு எல்லாம் தனித்தனி என்பதால் 15. எஸ்எம்எஸ்ஸில் இது காசு. ஆங்கிலம் மட்டும் என்றால் ஒரு செய்திக்கு 160 எழுத்து, ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் 70. “அப்ப இங்கிலீஷ்லயே அனுப்பிடுங்க” என்று மேலே முடிவெடுத்துவிடுவார்கள். எங்கள் ஆத்தாவுக்கு வரும் பேங்க் செய்தி ஏன் ஆங்கிலத்தில் வருகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அப்புறம் வரி இடைவெளி. ஆங்கிலத்துக்கு வைத்த உயரத்தையே தமிழுக்கும் வைத்தால் ‘கீ’யின் சுழி மேலே வெட்டுப்படும், ‘மூ’வின் வால் கீழ்வரியில் இடிக்கும். அச்சில் இருப்பவருக்கு இது சொல்லித்தர வேண்டியதில்லை. மாடிப்புறா, இதை உங்கள் போர்ட்ஃபோலியோவில் போடுங்கள். நான் உங்களை எடுக்கச் சொல்லிச் சண்டை போடுவேன்.

இன்னொன்று, எனக்கு வந்ததிலேயே பெரிய கூத்து. ‘ஆர்டரை ரத்து செய்யவா?’ என்று கேள்வி. கீழே இரண்டு பட்டன்: ‘சரி’, ‘ரத்துசெய்’. எதை அமுக்கினால் எது ரத்தாகும்?

மாடிப்புறா:

எல்லாருக்கும் நன்றி. ரெண்டாம் ஷிஃப்ட் அண்ணே, வேலையை விடவில்லை, விடவும் மாட்டேன். ஆல்பம் வேலை ஆரம்பித்தாச்சு.

பழைய பலகை அக்கா, நேற்று ராத்திரி நீங்கள் சொன்னபடி செய்து பார்த்தேன். நான் வரைந்த காலண்டர் ஆப்பைப் போனில் திறந்து அம்மா கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். “நாளைக்கு என்ன நல்ல நேரம்னு பாரும்மா” என்று மட்டும் சொன்னேன். அம்மா போனைச் சுவரில் மாட்டியிருப்பது போல இடது கையில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, கீழ் ஓரத்தில் விரலை வைத்து மேல்நோக்கி இழுத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அதே. மூன்றாவது தடவை கொஞ்சம் வேகமாக, சுண்டி. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவள் தாளைக் கிழிக்கிறாள். நான் பக்கவாட்டில் தள்ளினால் மாறுகிற மாதிரி வைத்திருக்கிறேன். பதினோரு வருடமாகக் கிழிக்கிற தாளைச் செய்கிறேன், எனக்கு இது தோன்றவில்லை.

சொல்லிக்கொடுத்துவிட நாக்கு துடித்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து, “என்னடா, பல் வலியா?” என்றாள்.

புறா பற்றியும் எழுதிப் பார்த்தேன். தூரத்தில் கொண்டுபோய் விட்ட புறா திரும்பி வந்ததும் நேராகக் கூண்டுக்குள் போகாது. எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து ஒரு சுற்றுப் பார்க்கும். போன மாதம் கூண்டு வாசலுக்கு நீலப் பெயின்ட் அடித்தேன். அன்றைக்கு வந்த ஏழில் ஐந்து இருட்டும்வரை தொட்டி மேலேயே இருந்தன. வாசல் அதே இடம், அதே அளவு, நிறம் மட்டும் வேறு. ஒரு ஓரத்தில் பழைய பலகைத் துண்டைச் சாய்த்து வைத்தபின் ஒவ்வொன்றாக இறங்கின. இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். போதுமா?

பழைய பலகை:

போதும். ஒரு வார்த்தை சேர்க்காதீர்கள்.

அம்மா கதையை முதல் பக்கத்தில் வையுங்கள், ஆப்பின் அழகான படங்களை அதற்குப் பின்னால். கிழிக்கிற மாதிரி மாற்றியபின் இன்னும் நாலு பேரிடம் கொடுத்துப் பாருங்கள். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான கோளாறு வெளியே வந்துவிடும் என்று யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேகப் நீல்சன் 2000இலேயே எழுதியிருக்கிறார். அந்த நாலு பேரும் அச்சகத்து ஆட்களாக இருக்க வேண்டாம், அவர்கள் உங்களைப் போலவே பார்ப்பார்கள். எதிர்வீட்டு ஆச்சி, பள்ளிக்கூடப் பையன், இப்படி. கிழித்த தாளை மறுபடி பார்க்க வேண்டுமென்றால் என்ன செய்வார்கள் என்பதையும் கவனியுங்கள். சுவரில் அதற்கு வழி கிடையாது, போனில் கேட்பார்கள்.

கோடு மட்டும், உங்கள் ‘ரத்துசெய்’ கூத்தை என் டீமுக்கு அனுப்பிவிட்டேன். ஒருவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாடிப்புறா, எனக்கு ஒரு உதவி. உங்கள் அச்சகத்துக் கிடங்கில் 1978க்கு முந்திய தினசரி காலண்டர் தாள் ஏதாவது கிடந்தால், ‘நாளை ஏகாதசி’ என்றோ ‘விலை உயர்வு’ என்றோ ஒரு தும்பிக்கை இருந்தாலும் சரி, கரையான் அரித்திருந்தாலும் சரி, ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள்.