தண்டர்பேர்டு: இன்பாக்ஸ் காலியாகத் தெரிகிறது, சி டிரைவோ நிரம்பி வழிகிறது. ஃபார்மட் போடலாமா?

கரூர் கணக்கர்:

வணக்கம். கரூரில் ஒரு ஏற்றுமதி கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மேசை விரிப்பு, கிச்சன் டவல் எல்லாம் ஜெர்மனிக்குப் போகிறது. பையர் அனுப்பும் மெயில் அத்தனையும் என் மேசையில் இருக்கும் கம்ப்யூட்டரில், தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில்தான் இறங்கும். விண்டோஸ் 10, சொந்த டொமைன், பாப் கணக்கு (மெயிலை சர்வரிலிருந்து கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொள்ளும் வகை).

நேற்று சாயங்காலம் கரண்ட் போனபோது யூபிஎஸ்ஸும் கைவிட்டுவிட்டது. மெஷின் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டுத் திறந்தால் இன்பாக்ஸில் ஒரு மெயில்கூட இல்லை. சென்ட் ஃபோல்டர் மட்டும் ஒழுங்காக இருக்கிறது. சி டிரைவ் சிவப்பில் நிற்கிறது. இத்தனைக்கும் சாம்பிள் போட்டோ வந்த பழைய மெயில்களை எல்லாம் உட்கார்ந்து அழித்திருக்கிறோம். இடம் கொஞ்சம்கூட மிச்சமாகவில்லை.

இன்னொரு தொல்லை: பிராட்பேண்ட் மாற்றியதிலிருந்து மெயில் வருகிறது, போகமாட்டேன் என்கிறது. சுற்றிச் சுற்றிவிட்டு 'டைம்டு அவுட்' என்று நின்றுவிடுகிறது.

சர்வீஸ் தம்பி, "ஃபார்மட் போட்டுப் புதுசா ஏத்திடலாம் சார், மெயில் எல்லாம் சர்வர்ல இருந்து தானா இறங்கிடும்" என்கிறார். நாளை காலை வருகிறார். எல்சி (பணம் தருவதாக வங்கி தரும் உறுதிக் கடிதம்) திருத்தம், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அந்த இன்பாக்ஸுக்குள்தான். முதலாளி காதுக்கு இன்னும் போகவில்லை. என்ன செய்யலாம்?

திண்டுக்கல் பூட்டு:

ஃபார்மட் வேண்டவே வேண்டாம். பாப் என்கிறீர்கள். அக்கவுண்ட் செட்டிங்ஸில் சர்வர் செட்டிங்ஸ் போய், 'லீவ் மெசேஜஸ் ஆன் சர்வர்' என்பதில் டிக் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இறங்கிய மெயில் சர்வரில் கிடையாது, உங்கள் டிஸ்கில் மட்டும்தான். டிக் இருந்தாலும் அதற்குக் கீழேயே 14 நாள் வரைதான் என்று ஒரு வரி இருக்கும். அதையும் பாருங்கள்.

பீளமேடு லேப்:

கணக்கர் சார், தம்பி வந்தால் டீ வாங்கிக் கொடுங்கள். மெஷினைக் கொடுக்காதீர்கள்.

கல்லூரி லேபைப் பார்த்துக்கொள்கிறவள் நான். பேராசிரியர்களின் மெயில் புலம்பல்கள் எல்லாம் கடைசியில் என்னிடம்தான் வந்து சேரும். இப்படிப்பட்ட கேஸில் பெரும்பாலும் மெயில் போயிருக்காது, பட்டியல்தான் போயிருக்கும். தண்டர்பேர்டு ஒரு ஃபோல்டரில் உள்ள எல்லா மெயிலையும் ஒரே கோப்பாக, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைக்கிறது. அதற்கு 'இன்பாக்ஸ்' என்று வெறும் பெயர்தான், பின்னால் புள்ளி வைத்து எதுவும் இருக்காது. பக்கத்திலேயே 'இன்பாக்ஸ் புள்ளி எம்எஸ்எஃப்' என்று சின்னதாக இன்னொன்று இருக்கும். திரையில் நீங்கள் பார்க்கும் பட்டியல் இந்தச் சின்னக் கோப்பிலிருந்து வருவது. கரண்ட் போகும்போது அடிபடுவது பெரும்பாலும் இதுதான்.

அழித்தும் இடம் வராததற்குக் காரணமும் இங்கேயே இருக்கிறது. டெலீட் அழுத்தினால் அந்த மெயிலின் தலைப்பகுதியில் ஒரு குறி விழும், அவ்வளவுதான். மெயில் கோப்புக்குள் அப்படியே கிடக்கும். 'காம்பாக்ட்' செய்யும்போதுதான் நிஜமாக வெளியேறும். 'சுருக்கட்டுமா' என்று அது அவ்வப்போது கேட்கும். வேலை அவசரத்தில் எல்லோரும் வேண்டாம் என்று தள்ளிவிடுவார்கள்.

இப்போது செய்ய வேண்டியது. ஹெல்ப் மெனுவில் 'ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' திறந்தால் 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' (உங்கள் மெயிலும் செட்டிங்கும் இருக்கும் இடம்) என்ற வரியில் 'ஓப்பன் ஃபோல்டர்' பொத்தான் இருக்கும். அதை அழுத்தி இடத்தைப் பார்த்துக்கொண்டு, தண்டர்பேர்டை முழுதாக மூடுங்கள். பிறகு அந்த ப்ரொஃபைல் ஃபோல்டர் முழுவதையும் வெளியே ஒரு டிஸ்கில் நகலெடுங்கள். பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய டிஸ்க் வடிவத்தில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை வாங்காது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ்ஸில் இருக்க வேண்டும். நகல் முடியாமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

நகலுக்குள் 'மெயில்' என்ற ஃபோல்டரில் உங்கள் சர்வர் பெயரைத் தேடி, இன்பாக்ஸ் கோப்பின் அளவைப் பாருங்கள். ஜிபி கணக்கில் இருந்தால் நிம்மதி. தண்டர்பேர்டைத் திறந்து இன்பாக்ஸ் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், 'ரிப்பேர் ஃபோல்டர்'. பட்டியலை மறுபடி எழுதிக்கொள்ளும். பெரிய கோப்பு என்றால் உறைந்துபோன மாதிரி நிற்கும், பயந்து மூடிவிடாதீர்கள்.

அளவு பூஜ்யம் என்றால் ரிப்பேர் செய்யவே வேண்டாம். ஆன்டிவைரஸ் சந்தேகக் கோப்புகளை அடைத்து வைக்கும் குவாரன்டைனில் பாருங்கள். ஒரு மெயிலில் வைரஸ் என்று நினைத்து மொத்தக் கோப்பையும் தூக்கி அடைத்திருக்கலாம். எப்படியும் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கி வைப்பது நல்லது.

காம்பாக்டை இன்றைக்குத் தொடாதீர்கள். அது பக்கத்தில் ஒரு புதுக் கோப்பை எழுதி முடித்த பிறகுதான் பழையதை நீக்கும். நிரம்பிய டிரைவில் அதற்கு இடமே இல்லை.

மெயில் போகாதது தனிக் கதை. அவுட்கோயிங் சர்வரில் போர்ட் (இணைப்பு வாசல் எண்) 25 என்று இருக்கும் என்று நினைக்கிறேன். ஸ்பாமைத் தடுக்க இணைய இணைப்பு தருகிறவர்கள் பலர் அதை அடைத்து வைத்திருப்பார்கள். 587 போட்டு 'ஸ்டார்ட்டிஎல்எஸ்', அல்லது 465 போட்டு 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ்'. ஆதென்டிகேஷனில் 'நார்மல் பாஸ்வேர்ட்', யூசர்நேமில் முழு மெயில் முகவரி. டைம்டு அவுட் என்றால் சர்வரைப் போய்ச் சேரவே இல்லை என்று அர்த்தம், அதனால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. பிழைச் செய்தியில் 'ரிலே' என்ற சொல் வந்தால்தான் ஆதென்டிகேஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

மாயவரம் டீச்சர்:

நடுவில் கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஜிமெயில். பழைய லேப்டாப்பில் வைத்திருந்த அதே செட்டிங்கைப் புதியதில் போட்டேன். சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் தவறு என்கிறது. பிரவுசரில் அதே பாஸ்வேர்டு வேலை செய்கிறது.

திண்டுக்கல் பூட்டு:

டீச்சர், வெறும் பாஸ்வேர்டோடு வரும் மெயில் மென்பொருளைத் தனிநபர் கணக்குகளில் கூகுள் 2022 மே 30-லிருந்து உள்ளே விடுவதில்லை. சர்வர் செட்டிங்ஸில் ஆதென்டிகேஷன் மெதடை 'ஓஆத்2' (கூகுளின் சொந்த ஜன்னலில் உள்நுழையும் முறை) ஆக்குங்கள். அவுட்கோயிங் சர்வரிலும் தனியாக மாற்ற வேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். கூகுள் உள்நுழைவு ஜன்னல் வெள்ளையாக நின்றால் தண்டர்பேர்டின் ப்ரைவசி பகுதியில் குக்கீ அனுமதி இருக்கிறதா பாருங்கள்.

கரூர் கணக்கர்:

மேடம், வந்துவிட்டது! இன்பாக்ஸ் கோப்பு 6.8 ஜிபி. என் பென் டிரைவ் அதை வாங்க மறுத்தது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றி நகலெடுத்தேன். ரிப்பேர் அழுத்தியதும் திரை அசையாமல் நின்றது, சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எல்லா மெயிலும் இருக்கிறது. 587 போட்டதும் மெயிலும் போகிறது. தம்பியிடம் வரவேண்டாம் என்று சொன்னேன், குரலில் வருத்தம் தெரிந்தது.

இரண்டு கேள்வி. எங்கள் மெர்ச்சண்டைசர் ஷேட் கார்டு (துணி நிற மாதிரி அட்டை) மெயில் ஒன்று வேண்டும் என்கிறார். அழித்ததில் போய்விட்டது, ட்ராஷும் காலி. காம்பாக்ட் இன்னும் செய்யவில்லை, எடுக்க வழி உண்டா? அப்புறம், முதலாளி போனிலும் இதே மெயிலைப் பார்க்க வேண்டும் என்கிறார். பாப் கணக்கை ஐமேப் (மெயில் சர்வரிலேயே இருந்து, போனிலும் கம்ப்யூட்டரிலும் தெரியும் வகை) ஆக்க முடியுமா?

பீளமேடு லேப்:

காம்பாக்ட் செய்யாததால் உண்டு. ஆனால் நகலில் மட்டும் கைவையுங்கள். நோட்பேட் இவ்வளவு பெரிய கோப்பைத் தாங்காது, எம்எடிட்டர் போல் பெரிய கோப்பைத் திறக்கும் எடிட்டர் வேண்டும். மெயிலின் சப்ஜெக்டைத் தேடுங்கள். சப்ஜெக்ட் தமிழிலோ, ஜெர்மன் எழுத்தோடோ இருந்தால் உள்ளே வேறு வடிவத்தில் பதிந்திருக்கும். அப்போது அனுப்பியவர் முகவரியையும் தேதியையும் வைத்துத் தேடுங்கள். அந்த மெயிலின் மேற்பகுதியில் 'எக்ஸ்-மொசில்லா-ஸ்டேட்டஸ்' என்று ஒரு வரி இருக்கும். படித்துவிட்டு அழித்ததாக இருந்தால் 0009, படிக்காமல் அழித்ததாக இருந்தால் 0008. அதை 0001 ஆக்குங்கள், நான்கு இலக்கம் நான்காகவே இருக்கட்டும். வேறு எழுத்து எதையும் தொடாதீர்கள். கீழே பக்கம் பக்கமாகப் புரியாத எழுத்து ஓடும், ஷேட் கார்டு போட்டோ அதுதான்.

சேமித்த கோப்புக்குப் 'பழசு' என்று பெயர் வையுங்கள். தண்டர்பேர்டு மூடியிருக்கும்போது ப்ரொஃபைலில் மெயில், அதற்குள் 'லோக்கல் ஃபோல்டர்ஸ்' என்ற இடத்தில் போடுங்கள். இதற்கும் 6.8 ஜிபி இடம் வேண்டும், டவுன்லோட்ஸையும் ரீசைக்கிள் பின்னையும் முதலில் காலி செய்யுங்கள். திறந்ததும் அது ஒரு ஃபோல்டராகத் தெரியும். வேண்டிய மெயிலை இன்பாக்ஸுக்கு நகலெடுத்துக்கொண்டு, பழசை நீக்கிவிட்டு, காம்பாக்ட் செய்யுங்கள். இனி வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் பிரியுங்கள். நகர்த்தினாலும் இன்பாக்ஸில் பழைய பிரதி கிடக்கும், ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் காம்பாக்ட்.

பாப் கணக்கை அப்படியே ஐமேப் ஆக்க முடியாது. அதே முகவரியை ஐமேப்பாகப் புதிதாகச் சேர்த்து, பழைய மெயிலை லோக்கல் ஃபோல்டர்ஸில் வையுங்கள். பாப் கணக்கு தானாக மெயில் எடுப்பதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் முதலாளி போனில் பார்ப்பதற்குள் அது இறக்கிக்கொண்டு போய்விடும். அதற்கெல்லாம் முன்னால் ஹோஸ்டிங்காரரிடம் ஒரு மெயில்பெட்டிக்கு எத்தனை ஜிபி என்று கேளுங்கள். 1 ஜிபி என்றால் உங்கள் சாம்பிள் போட்டோக்களுக்குச் சீக்கிரமே போதாமல் போகும், பெரிய திட்டத்துக்கு மாறிவிட்டுத்தான் ஐமேப்.