அழற்சி எலும்புக் கலங்களை அடக்குமா, வளர்க்குமா?

கொக்குவில்கிளி:
வணக்கம். மருத்துவபீடத்தில் மூன்றாம் வருடம். அழற்சியும் எலும்பும் பற்றி ஒரு கட்டுரை எழுத வேண்டும். அம்மம்மாவுக்கு முடக்குவாதம், கைவிரல் எக்ஸ்ரேயில் மூட்டு ஓரங்கள் அரித்துப் போயிருக்கின்றன. அதனால்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். இப்போது வாசிக்க வாசிக்கக் குழப்பம். சுண்டெலியின் மண்டையோட்டிலிருந்து வந்த எம்சி3ரி3 என்ற எலும்பு கட்டும் கலங்களுக்கு, அழற்சியைத் தூண்டும் புரதமான ரிஎன்எஃப்-அல்பா கொடுத்தால் கனிமப் படிவு குறைகிறது. மனித எலும்பு மச்சையின் தண்டுக்கலங்களுக்கு அதையே கொடுத்தால் கூடுகிறதாம். எதை நம்புவது?

சுன்னாகத்தான்:
அழற்சி எலும்புக்குக் கூடாது, அவ்வளவுதானே? மனிதக் கலத்தில் செய்ததை எடுங்கோ, எலியை விடுங்கோ.

வலிகாமத்தக்கா:
தம்பி சொல்வது போல அவ்வளவு லேசில்லை. தங்கச்சி, இரண்டு முடிவையும் நம்பலாம். ஆனால் இரண்டிலும் எதை அளந்தார்கள் என்று பாருங்கள். நான் வெளிநாட்டில் இந்தக் கலங்களோடுதான் மாரடித்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

கனிமம் படிய வைக்க, கலம் வளர்க்கும் ஊடகத்தில் விற்றமின் சியும் பீற்றா-கிளிசரோபொஸ்பேற்றும் போடுவோம். கலத்தின் ஆல்கலைன் பொஸ்படேஸ் நொதியம் அந்தக் கிளிசரோபொஸ்பேற்றிலிருந்து பொஸ்பேற்றைப் பிரிக்கும். மனிதத் தண்டுக்கலங்களில் ரிஎன்எஃப் இந்த நொதியத்தைக் கூட்டிவிடும். கூடவே, கலத்தை எலும்புக் கலமாக்கும் ரன்க்ஸ்2, எலும்பின் நார்ப்புரதமான கொலாஜன் இரண்டையும் குறைக்கும். பொஸ்பேற்று நிறைய வந்தால் கல்சியத்தோடு சேர்ந்து படியத்தானே செய்யும்? அலிசரின் ரெட் சாயம் ஊற்றினால் கலம் வளரும் தட்டு செக்கச்செவேல் என்றிருக்கும். அந்தச் சாயம் கல்சியத்தைத்தான் காட்டும், எலும்பைக் காட்டாது. கலம் செத்த இடத்தில் படிந்த கல்சியமும் அதே சிவப்புத்தான். கொலாஜன் ஒழுங்காக அடுக்கப்படாத படிவை எலும்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை: மனிதக் கலங்களுக்குப் பெரும்பாலும் டெக்ஸாமெதசோனும் சேர்ப்பார்கள். அது ஸ்டீரொயிட். அழற்சியை அடக்கும் மருந்தை முதலே ஊற்றிவிட்டு அழற்சியைச் சோதிப்பது என்ன கூத்து! எம்சி3ரி3க்கு அது இல்லாமலே வேலை நடக்கும். ஆகவே எலி, மனிதன் என்ற வித்தியாசம் மட்டுமில்லை, ஊடகமே வேறு.

அளவையும் பாருங்கள். மில்லிலீற்றருக்கு 10 நனோகிராம் என்பது ஆய்வுகூடத்தில் சர்வசாதாரணம். சுகமான ஆளின் இரத்தத்தில் ரிஎன்எஃப் மில்லிலீற்றருக்குச் சில பிக்கோகிராம்தான்; பிக்கோகிராம் என்பது நனோகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

கொக்குவில்கிளி:
நன்றி அக்கா. அப்படியென்றால் ரிஎன்எஃப் எலும்புக்குக் கெடுதல் என்றே எழுதலாமா?

வலிகாமத்தக்கா:
எழுத வேண்டாம். ரிஎன்எஃப் ஏற்பிகள் இல்லாத எலிகளில் முறிந்த எலும்பு பொருந்தவே தாமதமாகிறது. முறிவில் அழற்சி கொஞ்ச நாள் எழும்பி அடங்கும்; முடக்குவாதத்தில் வருடக்கணக்காக நிற்கும். தட்டிலும் அப்படித்தான்: ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் கொடுத்துக் கழுவிவிடுவதும், மூன்று கிழமை விடாமல் கொடுப்பதும் ஒன்றில்லை. கட்டுரையில் எத்தனை நாள், எந்தக் கட்டத்தில் என்று ஒரு நிரல் போட்டுப் பாருங்கள், பாதி முரண்பாடு தானாகவே போய்விடும்.

அம்மம்மாவின் விரலில் அரித்தது, எலும்பைத் தின்னும் கலமான ஒஸ்ரியோகிளாஸ்ற். அதை உருவாக்கும் ரேங்கெல் என்ற புரதத்தை, எலும்பு கட்டும் கலமான ஒஸ்ரியோபிளாஸ்ற்றும் அழற்சி நேரத்தில் சுரக்கும். அரித்த இடத்தைத் திருப்பிக் கட்டவும் முடிவதில்லை. ரிஎன்எஃப் கூட்டிவிடும் டிகேகே-1 என்ற புரதம், எலும்பு கட்டும் சமிக்ஞையை மறிக்கிறது. ஒஸ்ரியோபிளாஸ்ற் மட்டும் வளரும் தட்டில் இந்த அரிப்பைப் பார்க்கவே முடியாது.

சுன்னாகத்தான்:
அக்கா, என்ரை மாமாவுக்கு முள்ளந்தண்டில் அழற்சி, அவருக்கு எலும்பு கூடித்தான் முதுகு இறுகிப்போனது. அது எப்படி?

வலிகாமத்தக்கா:
நல்ல கேள்வி. அதைத் தனி இழையாகப் போடுங்கள், இதில் எழுதினால் விடிந்துவிடும்.